காதிலிருந்து உதிர்ந்த பஞ்சு

சென்னியப்பனின் வலது காதிலிருந்து முதல் பஞ்சு உதிர்ந்தபோது அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் பஞ்சு உதிராத இடம் என்று ஒன்று கிடையாது. தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் ஊரில் புருவத்திலும் தயிரிலும் அம்மன் மூக்குத்தியிலும் புது மாப்பிள்ளையின் மீசையிலும் பஞ்சு இருக்கும், அதை ஊதிவிட்டுத்தான் குடிப்போம், கும்பிடுவோம், முத்தமிடுவோம். ஆகவே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் காதோரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டுப் பஞ்சு கழன்று தோளில் விழுந்து அங்கிருந்து உருண்டு டீ கிளாஸுக்குள் போனபோது, கடைக்காரர் பொங்கியண்ணன் செய்ததெல்லாம் விரலை விட்டு அதை எடுத்து நசுக்கி எறிய முயன்றதுதான். நசுக்கியபோது அது "சடக் படக் சடக் படக்" என்று தறி ஓடுகிற சத்தம் போட்டது. பொங்கியண்ணன் விரலைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், சென்னியப்பனின் காதில் புதிதாக மாட்டியிருந்த மெஷினைப் பார்த்தார்.

"உன்ற மெஷினு ஒழுகுதப்பா," என்றார்.

"புதுசு. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்," என்றார் சென்னியப்பன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த மெஷின் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் கிடைத்தது. மணமேடையில் மேசை போட்டிருந்த பெண், காது பரிசோதிக்க ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, மணி அடித்தால் கையைத் தூக்குங்கள் என்றாள். சென்னியப்பன் மணி அடிக்காதபோதும் மரியாதைக்காகக் கையைத் தூக்கினார்.

"ஐயா, உங்களுக்கு எங்க கேக்கறது கஷ்டமா இருக்கு?"

"தறிக்குள்ளதானுங்க."

"தறிக்குள்ள யாருக்குமே கேக்காதே?"

"எங்களுக்குக் கேக்கோணுமுங்களே. அங்கதான இருக்கறோம்."

அவள் மடிக்கணினியைத் திறந்து, இரைச்சலைக் குறைக்கிற அளவை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட்டு, மெஷினை அவர் காதில் மாட்டினாள். மெஷின் பெட்டியில் இரைச்சலைக் குறைக்கலாம் என்று எழுதியவர்கள் குறைத்த இரைச்சல் எங்கே போகும் என்று எழுதவில்லை. எங்கள் ஊரில் எது அறுந்தாலும் தேய்ந்தாலும் பஞ்சாகத்தான் போகும், இதுவும் அப்படியே போனது.

கேட்பது எங்கள் ஊரில் உடலுழைப்பு. நாள் முழுக்க அந்த இரைச்சலுக்குள் நின்று காதில் விழுந்த கால்வாசியை வைத்து மீதியை ஊகித்து, எதிராளியின் உதட்டைப் படித்து, புருவத்தைப் படித்து, நூல் அறுந்ததா டீ வந்ததா ஆள் செத்ததா என்று கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை மறுபடி சரிபார்த்து, அதற்குள் அடுத்த வாக்கியம் பாதி ஓடிவிட, அதைத் துரத்தி ஓடுகிற வேலை அது. தறியில் நின்ற களைப்பு காலில் தெரியும்; கேட்ட களைப்பு முகத்தில் தெரியும். சாயங்காலம் எங்கள் ஊர் ஆண்களின் முகங்களைப் பார்த்தால் துவைத்துப் பிழிந்து காயப்போட மறந்த துணி மாதிரி இருக்கும். வீட்டுக்குள் போனதும் மனைவி எதைச் சொன்னாலும் "பாக்கலாம்" என்பார்கள். அது பதில் அல்ல, பெருமூச்சு.

சென்னியப்பனுக்கு வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகள். இரண்டை அவர் ஓட்டினார், இரண்டை அவர் மனைவி பாவாயி ஓட்டினாள். கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஓட்டுகிறாள். பெண்ணைப் பெற்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, எல்லாம் தறிக்கு நடுவில்தான். முகாமுக்கு அவள் வரவில்லை. கணவர் வந்தால் தறியை யார் ஓட்டுவது?

மெஷின் வந்த பிறகு சென்னியப்பனுக்குச் சாயங்காலங்களில் தெம்பு மிஞ்சியது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக மிஞ்சிய தெம்பு. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆகவே டீக்கடைக்குப் போனார். அங்கே நடந்த பேச்சு முழுவதும் சிரமமே இல்லாமல் காதுக்குள் வந்து விழுந்தது. ஊரே அவரிடம் பேச வந்தது. களைத்த காதுகளுக்கு நடுவில் களைக்காத ஒரு காது இருந்தால் யார்தான் விடுவார்கள்? சொத்துத் தகராறு, மூலம், மருமகள், மாமியார், கனவில் வந்த பாம்பு, எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டினார். ஆட்ட ஆட்டப் பஞ்சு உதிர்ந்தது.

ஊர் அந்தப் பஞ்சைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. தறிச் சத்தம் சாம்பல் நிறம், முரட்டு இழை. லாரி ஹாரன் மஞ்சள். கோயில் ஒலிபெருக்கி எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது, கையில் பட்டால் சோப்புப் போட்டும் போகாது. கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு அவர் ஒருநாள் போய்வந்தபோது இரண்டு சாக்குக்கு உதிர்ந்தது, தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை. மின்சாரம் போகிற நாளில்தான் இந்தப் பஞ்சின் அருமை தெரிந்தது. எங்கள் ஊர்க் குழந்தைகள் தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் உறங்குகிறவை. தறி நின்றால் ஊர்க் குழந்தைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து வீறிடும். மின்தடை நாளில் தொட்டிலில் ஒரு கைப்பிடிப் பஞ்சைப் போட்டு லேசாக அழுத்திவிட்டால் போதும், "சடக் படக்" என்று ஓடும், பிள்ளை உறங்கிவிடும். பெண்கள் முறத்தோடு சென்னியப்பனைச் சுற்றி நின்றார்கள். அவரும் பசுமாடு மாதிரிப் பொறுமையாக நின்று கொடுத்தார்.

அப்போதுதான் அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். டீக்கடையில் உதிர்வது சாம்பல்; வீட்டில், அதுவும் சமையலறைப் பக்கம் அவர் இருக்கும்போது உதிர்வது வேறு ரகம். வெள்ளை. நீள இழை. முகத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. குழந்தைத் தலையணைக்கு இதைவிட நல்ல பஞ்சு எங்கே கிடைக்கும்? அழுத்திப் பார்த்தார்கள். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நூல் பிடித்த மாதிரி ஒரே சுருதியில் ஒரு குரல் சொன்னது: "ஏனுங்க, சோறு ஆறுது. அந்தத் துண்டைத் துவைக்கப் போடுங்க. கேக்குதுங்களா? ஏனுங்க."

பாவாயியின் குரல்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதைத் தலையணைக்குள் அடைத்துத் தைத்தார்கள்.

ஏன் யாரும் சென்னியப்பனிடம் சொல்லவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரின் ஒழுங்கு தெரியாதவர்கள் அவர்கள். உதட்டைப் படிக்கிற ஊரில் ரகசியம் என்பதே கிடையாது. தெருவுக்கு எதிர்ப்புறம் ஜன்னலுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் இங்கிருந்து வரிக்கு வரி தெரியும், சாமியிடம் ஒருத்தி முணுமுணுத்து வேண்டிக்கொண்டால் பூசாரிக்கும் தெரியும், பின்னால் வரிசையில் நிற்கிறவனுக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஊர் ஒரு கட்டுப்பாடு இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது. ஆகவே உன்னை நோக்கிச் சொல்லப்படாத பேச்சு உன் கண்ணில் விழுந்தால் அது உன்னுடையது அல்ல. அதை இன்னொருவரிடம் எடுத்துப் போகக் கூடாது. அப்படி எடுத்துப் போனவனுக்கு யாரும் தீப்பெட்டிகூடக் கொடுக்கமாட்டார்கள். தலையணை விஷயத்திலும் ஊர் இதையே பின்பற்றியது. இது நல்ல ஒழுங்கா, கோழைத்தனத்துக்கு நாங்கள் போட்டுக்கொண்ட சட்டையா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

சென்னியப்பனோ டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ற பொண்டாட்டி இப்பெல்லாம் அவ்வளவு அமைதி. வயசாக ஆக அமைஞ்சு போயிட்டா."

பொங்கியண்ணன் அவர் தோளில் கிடந்த வெள்ளைப் பஞ்சைப் பார்த்தார். "அப்படியா? நல்லதுதான்," என்றார். அவர் கட்டுப்பாடான மனிதர்.

உண்மையில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். முன்பென்றால் சென்னியப்பன் அவள் உதட்டையாவது பார்த்திருப்பார். களைத்த முகத்தோடு, பாதி புரிந்தும் புரியாமலும், ஆனாலும் பார்த்திருப்பார். இப்போது காதே எல்லாவற்றையும் செய்துவிடுவதால் யார் பேசும்போதும் யார் முகத்தையும் பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். பாவாயி பேசினாள். வெள்ளைப் பஞ்சு அவர் மடியில் உதிர்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் பாவாயியே அதைக் கூட்டி அள்ளினாள்.

ஒருநாள் வெள்ளைப் பஞ்சு உதிரவில்லை.

முறத்தோடு வந்த பெண்கள் வெறுங்கையோடு போனார்கள். சாம்பல் மட்டும் வந்தது, வெள்ளை வரவில்லை. "என்னுங்க, மெஷினு ரிப்பேருங்களா?" என்று பக்கத்து வீட்டுச் சரசாள் கேட்ட பிறகுதான் சென்னியப்பன் நிமிர்ந்து தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. சமையலறை மூலையில் ஒரு பை இருந்தது, அதில் நான்கு சேலை.

"எங்க போற?"

பாவாயி தறிக்காரர்களின் கைப்பாஷையில் பதில் சொன்னாள். வாய்க்கு முன்னால் விரல்களை விரித்து முன்னே தள்ளினாள்: சொல்லிவிட்டேன். உள்ளங்கையைக் காட்டினாள்: ஒன்றும் வரவில்லை. கட்டைவிரலை வடக்கே காட்டினாள்: அந்தியூர், தங்கச்சி வீடு. ஆடி நோன்பு முடிந்ததும்.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பட்டென்று பிரித்தாள். இழை அறுந்தது என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்தச் சைகையைத் தறியைப் பார்த்துத்தான் காட்டுவார்கள்; ஆளைப் பார்த்துக் காட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சென்னியப்பன் டீக்கடைக்கு ஓடினார். இருந்தவர்கள் எல்லோரும் கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியுமப்பா," என்றார் பொங்கியண்ணன்.

"என்ன சொன்னா?"

"அது உன்னப் பாத்துச் சொன்னதப்பா. எங்களப் பாத்துச் சொன்னதில்ல."

"யோவ், எனக்குத்தான்யா கேக்கல!"

"அதுக்கு நாங்க என்ன பண்றது? நீதான ஊர்லயே நல்லாக் கேக்கறவன்?"

சிரிக்காமல்தான் சொன்னார். கடைசியில், அவ்வளவு காலம் தங்கள் மூலத்தையும் பாம்பையும் கேட்ட மனிதர் என்பதற்காக, ஊர் ஒரு சலுகை கொடுத்தது: யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், ஆனால் எந்த வீட்டுத் தலையணையை வேண்டுமானாலும் அவர் போய் அழுத்திக்கொள்ளலாம்.

அப்படித்தான் சென்னியப்பன் வீடு வீடாகப் போய் மற்றவர்கள் குழந்தையின் தலையணையில் காதை வைத்துப் படுக்க ஆரம்பித்தார். தொட்டிலுக்குள் தலை போகாத வீட்டில் தொட்டிலை இறக்கிக் கொடுத்தார்கள். சில வீட்டில் காபி கொடுத்தார்கள். தலையணை பேசியது, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அவருக்கு மட்டும் மௌனம். அவர் எழுந்தபோது தலையணைமேல் புதிதாக ஒரு பிடி வெள்ளைப் பஞ்சு கிடந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஓடுகிற எதையும் அந்த மெஷின் தறி என்றே எடுத்துக்கொண்டது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு முயன்றார். அப்போது தலையணையும் கேட்கவில்லை, தன் மூச்சும் கேட்கவில்லை. மறுபடி மாட்டினார். மறுபடி உதிர்ந்தது. அவர் வந்துபோன வீட்டுத் தலையணைகள் முன்னைவிடப் பருத்ததால் தாய்மார்கள், "இன்னொருக்கா வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள்.

இதற்கிடையில் ஊர்க் குழந்தைகள் பேசத் தொடங்கியிருந்தன. முதல் சொல் அம்மா அல்ல, அப்பா அல்ல, "ஏனுங்க." அங்கன்வாடியில் இருந்த பதினாலு உருப்படிகளும் டீச்சரை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டன. சரசாளின் பேத்தி ஹர்ஷிகா, இன்னும் நிற்கப் பழகாதவள், தன் தாத்தாவைப் பார்த்து, "அந்தத் துண்டைத் துவைக்கப் போடுங்க" என்றாள். அவர் முப்பது வருஷமாக யார் சொல்லியும் கழற்றாத துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் தோளோடு திரிந்தார். குழந்தைகள் மரியாதையாகப் பேசுவதில் எல்லோருக்கும் திருப்தி. பல் முளைக்கும் முன்பே குடும்பப் பொறுப்பு வந்துவிட்டதே என்று ஒன்றிரண்டு பேர் மட்டும் கவலைப்பட்டார்கள்.

ஊர்க் கட்டுப்பாடு பெரியவர்களுக்குத்தான். அதை யாரும் ஹர்ஷிகாவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆடி நோன்பு முடிந்த மறுநாள் மதியம், பாவாயியின் பை சமையலறையிலிருந்து வாசலுக்கு வந்திருந்தது. அவள் கடைசியாகத் தறியில் போட்ட பாவு நூல் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அரைகுறையாக விட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை, அதனால் ஓட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் கடைசித் தலையணைக்காகச் சரசாள் வீட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். ஹர்ஷிகா தவழ்ந்து வந்து அவர் வயிற்றின்மேல் ஏறி, சட்டைப் பொத்தானைப் பிடித்து நிமிர்ந்து, அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றாள்.

குழந்தைக் குரல், ஏறி, இறங்கி, வழுக்கி, எச்சிலோடு வந்தது. ஒரு பொட்டுப் பஞ்சும் உதிரவில்லை.

"ஏனுங்க, உங்க காதுப் பஞ்சு பேசுதுங்கறாங்க. நானும் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல. எனக்கும் காது போயிருச்சாட்ட இருக்குதுங்க. இத்தன நாளா உங்க வாயப் பாத்துத்தான் பொழைக்கறேன். நீங்க இப்பெல்லாம் நிமிந்தே பேச மாட்டீங்கறீங்க. எனக்கு இருட்டுக்குள்ள இருக்கற மாதிரி இருக்குதுங்க. என்ன பண்ணலாம்? சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் மூக்கைக் கடித்தாள்.

சரசாள் முறத்தைக் கீழே வைத்தாள். தன் குரலே தனக்குக் கேட்காத பாவாயி குரலை எப்படி ஏற்றுவாள், எப்படி இறக்குவாள்? ஏற்ற இறக்கம் இல்லாமல் அவள் பேசியதும், அதை மெஷின் தறிச் சத்தமென்று பிரித்ததும், நாங்கள் அதை முதல் ரகம் என்று மெச்சித் தலையணை தைத்ததும், எல்லாம் அந்த நொடியில் எல்லோருக்கும் ஒருசேரப் புரிந்தது. அல்லது முன்பே புரிந்திருந்து, ஒரு குழந்தை சொன்ன பிறகுதான் புரிந்ததாக ஒப்புக்கொண்டோமோ என்னவோ.

சென்னியப்பன் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து ஓடினார். பின்னால் ஊரும் போனது, கொட்டகை வாசல்வரை மட்டும்; உள்ளே போவது மரியாதை இல்லை, வாசலில் நின்றாலும் உதடு தெரியும்.

நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பாவாயி திரும்பிப் பார்த்தாள். அவர் தன் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, சட்டையில் துடைத்து, அவள் காதில் மாட்டினார். மாட்டத் தெரியாமல் முதலில் கம்மலில் மாட்டினார். பிறகு ஒருவழியாக உள்ளே போனது. பாவாயியின் கண்கள் அகன்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தறிகளின் சாம்பல் பஞ்சு அவள் தோளில் உதிர்ந்தது, உலகம் அமைதியானது.

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

"நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவள் தோளில் பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு விழுந்தது. பாவாயி அதை எடுத்துப் பார்த்தாள். அவர் காதுக்குள்ளேயே இத்தனை மாதம் குடியிருந்த மெஷின் அது. அவர் குரலைத்தான் அது வேறெந்தச் சத்தத்தையும்விட அதிகமாகக் கேட்டிருந்தது; அவர் வழக்கமாகச் சொல்கிற எதையும் அது தறி என்றே எடுத்துக்கொண்டது.

"கவலப்படாத," என்றார். பஞ்சு.

"எல்லாஞ் செரியாப் போயிரும்." பெரிய பஞ்சு.

"நான் சொல்றதக் கேளு புள்ள." இதற்கு உருண்டையாக ஒன்று விழுந்து உருண்டு தறிக்கு அடியில் போனது. வாசலில் யாரோ சிரித்தார்கள்.

பாவாயியும் சிரித்தாள். உள்ளங்கையில் அவர் வாக்கியங்களை வைத்துக்கொண்டு, முரட்டு ரகம் என்பதுபோல் விரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. வாசலில் இருந்த பையின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பாவு முடிந்து அவளுடைய ஒரு தறி தானாக நின்றது.

சென்னியப்பன் நின்றுகொண்டே இருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் தான் அவளிடம் சொன்னது மொத்தம் எத்தனை விதமான வாக்கியம் என்று அவர் மனதுக்குள் தேடிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் உதடுகள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளின. வேர்த்துக் கொட்டியது. எல்லாமே சொல்லியாகிவிட்டது. எல்லாமே அவருக்கு முன்கூட்டியே பதில் தெரிந்தவை. கடைசியில், வேறு ஒன்றும் கிடைக்காததால், உண்மையிலேயே தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டார்.

"எப்ப இருந்து புள்ள உனக்கு?"

பாவாயி காத்திருந்தாள். தோளைத் தடவிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை.

அவர் மற்ற தறிகளை நிறுத்தப் போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நூல் தார் போட்டுவைக்கும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, எதிரில் உட்காரவைத்தாள். அவர் காதில் இப்போது எதுவும் இல்லை, ஆகவே அவள் உதட்டை விட்டால் அவருக்கு வேறு வழியும் இல்லை.

"ஓடட்டும்," என்றாள் பாவாயி. "என்ற வாயப் பாருங்க. பெரிய கதை அது. நடுவுல கொட்டாவி விட்டீங்கன்னா, அஞ்சரைக்கு அந்தியூருக்கு ஒரு பஸ்ஸிருக்குது."